ஹோலி ஹெல்: மெட்டமைத்தவர் போன பிறகு உருவான ஆல்பம்

மெட்டல்கோர் இசைக்குழுக்களில் ஆள்மாற்றம் சகஜம். பாடகர் போனால் வேறு பாடகர் வருவார், பேஸ் கிட்டார்காரர் போனால் வேறொருவர் வருவார். பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய எந்தக் குழுவை எடுத்துக்கொண்டாலும் முதல் ஆல்பத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். ஆனால் பாடல்களுக்கு மெட்டும் வடிவமும் கொடுத்துவந்த ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வது? அவர் டிரம்ஸ் வாசிப்பவரின் இரட்டைச் சகோதரராகவும் இருந்துவிட்டால்?

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் பிரைட்டன் நகரத்துக் குழுவான ஆர்கிடெக்ட்ஸுக்கு 2016 ஆகஸ்டில் இதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் ஆல்பம், 2018 நவம்பர் 9 அன்று வெளியான ‘ஹோலி ஹெல்’. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள துக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது நியாயம்தான், துக்கம் அதில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் என்னை இன்றும் இந்த ஆல்பத்திடம் இழுப்பது அதன் வேலைப்பாடு. போன மனிதர் எப்படிப் பாடல் கட்டினாரோ, அந்த முறையை மிச்சமிருந்தவர்கள் கற்றுக்கொண்டு செய்த ஆல்பம் இது. அந்தக் கற்றலை ஒவ்வொரு பாட்டிலும் காதால் கேட்க முடிகிறது.

மெட்டல்கோர் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பங்க் இசையின் முரட்டுக் கிளையான ஹார்ட்கோரும் ஹெவி மெட்டலும் 1990களில் அமெரிக்காவில் கலந்து பிறந்த வகை இது. ஹார்ட்கோரிலிருந்து வந்தது கோபமும் நேர்மையும். மெட்டலிலிருந்து வந்தவை கனத்த கிட்டார் ரிஃப்களும் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) துல்லியமான வாசிப்பும். ‘பிரேக்டவுன்’ என்ற ஒரு கட்டம் இதன் அடையாளம். பாட்டின் வேகம் சட்டென்று பாதியாகக் குறையும், கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்து ஒவ்வொரு அடியையும் இடைவெளி விட்டு இறக்கும், மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் கொந்தளிக்கும். 2002இல் மாசசூசெட்ஸின் கில்ஸ்விட்ச் என்கேஜ் குழு வெளியிட்ட ஆல்பத்துக்குப் பிறகு, சரணத்தில் கத்துவதும் பல்லவியில் ராகமாகப் பாடுவதும் இந்த வகையின் எழுதப்படாத சட்டம்போல ஆகிவிட்டது. அந்த அச்சில் ஆயிரக்கணக்கான பாடல்கள் வந்தன. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்களும் உண்டு.

ஆர்கிடெக்ட்ஸ் அந்த அச்சுக்குள் முழுதாக அடங்கவில்லை. டான் சேர்ல், டாம் சேர்ல் என்ற இரட்டையர்கள் 2004இல் தொடங்கிய குழு அது. டானுக்கு டிரம்ஸ், டாமுக்கு கிட்டார். 2007இல் சாம் கார்ட்டர் பாடகராக வந்தார். சாமின் குரலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கத்தும்போது அந்தக் கத்தலுக்குள்ளேயே ராகம் இருக்கும். தொண்டை கிழிகிற சத்தம்தான், ஆனால் சுருதி பிசகாது. இதனால் ‘இங்கே கத்தல், அங்கே பாடல்’ என்று பாட்டை இரண்டாகப் பிரிக்கவேண்டிய அவசியம் அவர்களுக்குக் குறைந்துபோனது.

டாம் அந்தக் குரலை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதினார். அவருடைய கிட்டார் மிகவும் கீழே சுருதி இறக்கப்பட்டது. ரிஃப்கள் கனமானவை, ஆனால் நெருக்கமாக அடைத்தவை அல்ல. ஓர் அடி, ஒரு மௌனம், மறுபடி இரண்டு அடி என்று போகும். அந்தக் கனத்துக்கு மேலே எதிரொலியோடு மிதக்கும் இன்னொரு கிட்டார் ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். கீழே இடி, மேலே தூரத்து வெளிச்சம். கிட்டார் சோலோ வாசித்துத் திறமை காட்டுவதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டுக்குத் தேவையில்லாத எதையும் அவர் வைக்கவில்லை. 2014இல் வந்த ‘லாஸ்ட் ஃபாரெவர் லாஸ்ட் டுகெதர்’, 2016 மே மாதம் வந்த ‘ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்’ ஆகிய இரண்டிலும் இந்த முறை முழுமையடைந்தது. இரண்டையும் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம், ஹென்ரிக் உட் இருவரும் தயாரித்தார்கள். சுவீடன் மெட்டலின் ஒலியையே வடிவமைத்தவர்களில் நோர்ட்ஸ்ட்ரோம் முக்கியமானவர். வெளியிட்டது எபிடாஃப் நிறுவனம். பேட் ரிலிஜன் குழுவின் பிரெட் குரெவிட்ஸ் தொடங்கிய, பங்க் மரபில் ஊறிய நிறுவனம் அது.

இந்த இரண்டு ஆல்பங்களும் உருவான காலம் முழுவதும் டாமுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். சிகிச்சையும் பயணமும் மேடையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. வெளியில் ரசிகர்களுக்கு இது தெரியாது. 2016 ஆகஸ்ட் 20 அன்று டாம் இறந்தார், வயது 28. அந்தச் செய்தியையும் நோயின் விவரத்தையும் டான் ஒன்றாகத்தான் வெளியுலகுக்குச் சொன்னார்.

அதன்பிறகு, மூன்று மாதம் முன்பு வந்த ஆல்பத்தை ரசிகர்கள் மறுபடி எடுத்துக் கேட்டார்கள். இப்போது அது வேறொரு ஆல்பமாக இருந்தது. ‘கான் வித் தி விண்ட்’ பாட்டில் மருந்தில்லாத நோயைப் பற்றி வரும் வரிகளை மே மாதத்தில் உருவகமாக எடுத்துக்கொண்டவர்கள், ஆகஸ்டுக்குப் பிறகு நேரடிப் பொருளிலேயே கேட்டார்கள். கடைசிப் பாட்டான ‘மெமெண்டோ மோரி’யில் தத்துவப் பேச்சாளர் ஆலன் வாட்ஸின் குரல் வருகிறது. சாவை நினைவூட்டும் அந்தத் தலைப்போடுதான் டாம் வாசித்த கடைசி ஆல்பம் முடிகிறது.

குழு கலைந்துவிடும் என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த பயணங்களை அவர்கள் முடித்தார்கள். டாமின் இடத்தில் நின்று வாசித்தவர் ஜாஷ் மிடில்டன். ரெடிங் நகரத்தின் சைலோசிஸ் குழுவைக் கட்டிய கிட்டார் கலைஞர், பாடகரும்கூட. புதிதாக எழுதுவோமா மாட்டோமா என்பது பற்றி டான் அப்போது ஒரு நிபந்தனை வைத்தார்: டாம் பெருமைப்படுவார் என்று மனதார நம்பினால் மட்டுமே புதுப் பாட்டு வரும், இல்லாவிட்டால் வராது.

இந்த நிபந்தனை கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு கலைஞனுக்கு இதைவிடக் கடினமான அளவுகோல் கிடையாது. ஒப்புதல் சொல்லவேண்டியவர் இல்லை. அவருக்கு எது பிடிக்கும், எதை வெட்டுவார், எந்த இடத்தில் போதும் என்பார் என்பதையெல்லாம் மற்றவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டு முடிவு செய்யவேண்டும்.

அந்த அளவுகோலுக்கு முதலில் நின்ற பாட்டு ‘டூம்ஸ்டே’. 2017 செப்டம்பரில் தனிப்பாடலாக வந்தது. டாம் தன் கடைசிக் காலத்தில் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்டுப்போன பாட்டு அது. டானும் ஜாஷும் அதை எடுத்து முடித்தார்கள். ஜாஷ் முழுநேர உறுப்பினராகிவிட்டார் என்பதும் அந்தப் பாட்டோடு சேர்ந்துதான் அறிவிக்கப்பட்டது.

இந்தப் பாட்டை நான் ஆல்பத்தின் கீல் என்று சொல்வேன். இதை முடிப்பதற்கு டானும் ஜாஷும் டாமின் வழியைப் படிக்கவேண்டியிருந்தது. அரைகுறையாக நின்ற ஒரு மெட்டு எந்தத் திசையில் போக நினைத்தது என்று கண்டுபிடித்தால்தான் மிச்சத்தை எழுத முடியும். கேட்டுப் பாருங்கள்: அந்த இடைவெளி விட்ட கனத்த ரிஃப், மேலே மிதக்கும் மெட்டு, கத்தலுக்கும் பாடலுக்கும் நடுவில் நிற்கும் சாமின் பல்லவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பல்லவி முன்பு இருந்ததைவிட அகலமாகத் திறக்கிறது. ஒரு பெரிய அரங்கமே சேர்ந்து பாடக்கூடிய அகலம். அந்த அகலம் புதியது. நல்லவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள், நடந்தது நடந்துவிட்டது என்றெல்லாம் துக்க வீட்டில் ஊர் சொல்லும் ஆறுதல்களை எடுத்துவைத்து, இவை போதவில்லை என்று அந்தப் பாட்டு வெளிப்படையாகச் சொல்கிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் நேரில் சொல்ல முடியாத பதில் அது.

சரி, ஒரு பாட்டு முடிந்தது. பத்துப் பாட்டு பாக்கி. டாம் விட்டுச்சென்ற குறிப்புகள் சில இருந்தாலும், பெரும்பகுதியைப் புதிதாகத்தான் எழுதவேண்டும். டான் இங்கே தன் வேலையை மாற்றிக்கொண்டார். டிரம்ஸோடு பாடல் அமைப்பு, வரிகள், பின்னணியில் வரும் மின்னணு ஒலிகள், வயலின் அடுக்குகள் என்று முழுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. தயாரிப்பையும் வெளியாளிடம் கொடுக்கவில்லை. டானும் ஜாஷும் சேர்ந்து தாங்களே செய்தார்கள். முந்தைய இரண்டு ஆல்பங்களுக்குக் கோத்தன்பர்கில் அனுபவசாலிகள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். டாமுக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்கு அந்த அறையில் மிக நெருக்கமாகப் பதில் தெரிந்தவர் டான்தான். அந்தத் தீர்ப்பை வேறொருவர் கையில் கொடுத்திருந்தால் ஆல்பம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜாஷ் மிடில்டன் செய்ததைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை. சைலோசிஸில் அவர் த்ராஷ் மெட்டல் வாசிப்பவர். வேகம், நுணுக்கம், நீண்ட சோலோக்கள் அவருடைய பலம். ‘ஹோலி ஹெல்’லில் அவர் அந்தப் பலத்தையெல்லாம் கட்டிவைத்துவிட்டார். தன் பெயர் தெரியும்படி ஓர் இடம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் வந்த அடையாளம் இருக்கிறது: ரிஃப்களின் ஓரம் கூர்மையாகியிருக்கிறது, வலது கையின் இறுக்கம் கூடியிருக்கிறது. இன்னொருவர் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்து, அவரைப்போல் நடிக்காமலும் தன்னைத் துருத்திக்கொள்ளாமலும் வேலை செய்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆல்பம் ‘டெத் இஸ் நாட் டிஃபீட்’ பாட்டோடு தொடங்குகிறது. முதலில் வயலின்கள் மட்டும். பிறகு முழுக் குழுவும் ஒரே நேரத்தில் விழுகிறது. முந்தைய ஆல்பங்களில் இத்தகைய ஒலிகள் ஓரத்தில் நின்றன, இங்கே வாசலிலேயே வந்து நிற்கின்றன. சாவு தோல்வியல்ல என்று சொல்லும் ஒரு தலைப்பை முதல் பாட்டுக்கு வைப்பதில் ஆபத்து உண்டு. ஆறுதல் வாசகமாகச் சறுக்கிவிடலாம். சாமின் குரல் அதைச் சறுக்க விடவில்லை. அவர் அதை முடிவாகச் சொல்லாமல், நம்ப முயல்கிற ஒருவரின் தொனியில் கத்துகிறார்.

‘ஹியர்ஆஃப்டர்’ அடுத்தது. ஆல்பத்துக்கு முன் 2018 செப்டம்பரில் வந்த பாட்டு. கனமும் ராகமும் சரியாகக் கலந்த, யாருக்கும் முதலில் கேட்கக் கொடுக்கக்கூடிய பாட்டு இதுதான். ‘ராயல் பெக்கர்ஸ்’ வேகம் குறைத்து நடக்கிறது. ‘டையிங் டு ஹீல்’ பாட்டில் கோபம் திரும்ப வருகிறது. அதற்கு அடுத்து ‘தி செவன்த் சர்க்கிள்’. இரண்டு நிமிடம்கூட இல்லை. பல்லவி கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது, இத்தாலியக் கவிஞர் தாந்தே காட்டிய நரகத்தில் வன்முறையாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஏழாவது வட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கத்தி முடிகிறது. அது முடிந்த கையோடு ‘டூம்ஸ்டே’. இந்த வரிசை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நரகத்தின் அடியிலிருந்து டாமின் மெட்டு எழுந்து வருகிறது. ஓராண்டுக்கும் முன்பே தனிப்பாடலாகக் கேட்டுப் பழகிப்போன பாட்டுதான், ஆனால் இந்த இடத்தில் வரும்போது அதன் எடை இரண்டு மடங்காகிறது.

கடைசியில் ‘எ வேஸ்டட் ஹிம்’. இங்கே ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை. எல்லாம் போய்விடவில்லை என்று சொல்லிவிட்டு, உயிரைக் கொடுக்கத் தகுந்த ஒரு வாழ்க்கையை உன்னால் வாழ முடியுமா என்ற கேள்வியோடு ஆல்பம் நிற்கிறது. பதில் இல்லை. ஆல்பம் வெளியானபோது டான் சொன்னதன் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது: வலியை எப்படி எதிர்கொள்கிறோம், அதோடு எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம் என்பதுதான் பொருள், அந்த வலிக்கும் ஒரு மதிப்பு உண்டு, மனிதன் கற்பதும் வளர்வதும் அங்கேதான் என்றார். இதைச் சொன்னவர் இரட்டைச் சகோதரரை இழந்தவர் என்பதால் இது வெறும் வாசகமாகப் படவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நடுப்பகுதியில் ‘டேம்னேஷன்’, ‘மாடர்ன் மிசரி’ போன்ற பாடல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மிதக்கும் கிட்டார், திடீர் மௌனம், பிரேக்டவுன், விரியும் பல்லவி என்ற வரிசை மூன்றாவது முறை வரும்போது அடுத்தது என்ன என்று காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்போதே சிலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள், ஆர்கிடெக்ட்ஸ் தங்கள் முறையையே திரும்பச் செய்கிறார்கள் என்று. அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சூழ்நிலையில் அவர்கள் புது முறை தேடிப் போயிருக்கவேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டாமின் முறையை விட்டு விலகுவதற்கு முன்னால், அதைத் தங்களால் செய்ய முடிகிறதா என்று அவர்கள் பார்த்துவிடவேண்டியிருந்தது. ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பாடல்கள்தான் அதற்கான சோதனைக்களம்.

வரவேற்பைப் பொறுத்தவரை, பிரிட்டனின் ராக், மெட்டல் பத்திரிகைகள் ஆல்பத்தைத் தூக்கிக் கொண்டாடின. ஆனால் பிரிட்டிஷ் ஆல்பப் பட்டியலில் அது பிடித்த இடம் 18. முந்தைய ஆல்பம் 15இல் இருந்தது. பட்டியலை மட்டும் பார்த்தால் சரிவு என்றுதான் தோன்றும். மேடையைப் பார்த்தால் கதை வேறு. 2018 பிப்ரவரியில், ஆல்பம் வருவதற்கு முன்பே, லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் வாசித்தார்கள். சுமார் 10,000 பேர் நிற்கும் அரங்கம். 2019 ஜனவரியில் அதைவிடப் பெரிய வெம்பிளி அரினா. பெரிய ரெகார்டு கம்பெனியின் பலம் இல்லாத ஒரு கனத்த இசைக்குழுவுக்கு வெம்பிளி சாதாரண விஷயம் அல்ல.

பட்டியலில் இறங்கிய குழு மேடையில் ஏறியது எப்படி? பட்டியல் இடம் முதல் வாரத்தில் வாங்குகிறவர்களையும் இணையத்தில் கேட்கிறவர்களையும் கணக்கிடுகிறது, அந்த வாரம் போட்டிக்கு யார் வந்தார்கள் என்பதையும் பொறுத்தது. இந்த ஆல்பம் பரவிய விதம் மெதுவானது. யாரையாவது இழந்தவர் கேட்டார், இன்னொரு இழந்தவருக்கு அனுப்பினார். இப்படிக் கை மாறி வந்தவர்களுக்கு மெட்டல்கோரில் முன்பழக்கம் இருக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கச்சேரிகளில் ‘கான் வித் தி விண்ட்’ வாசிக்கும் முன் சாம் டாமைப் பற்றிப் பேசுவது வழக்கமானது. அந்த நேரத்தில் அரங்கத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் தங்கள் ஆளைப் பற்றித்தான் நினைத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. தனிப்பட்ட மரணம் ஒரு குழுவின் அடையாளமாகவே மாறிவிட்டால், அதை ஒவ்வொரு இரவும் மேடையில் திறந்து காட்டவேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. ரசிகர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள், நேர்காணல் எடுப்பவர்கள் அதையே கேட்கிறார்கள். ‘ஹோலி ஹெல்’ வந்த காலத்தில் டான் கொடுத்த பேட்டிகளைப் பார்த்தால், இரண்டு ஆண்டாக அதே கேள்விக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தெரியும். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் இந்த ஆல்பத்தின் வெற்றியைக் கணக்கிடவேண்டும்.

அப்புறம் நடந்தது சுவாரசியமானது. 2021 பிப்ரவரியில் வந்த ‘ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்’ பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் பல்லவிகள் இன்னும் அகலமாயின, சாம் அதிகம் பாடினார், கத்தல் குறைந்தது. பழைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் அதைத் துரோகம் என்றே சொன்னார்கள். ஆனால் ‘டூம்ஸ்டே’ பல்லவியை 2017இலேயே கவனித்துக் கேட்டவர்களுக்கு இந்தத் திசை ஆச்சரியம் தந்திருக்காது. டாம் விட்டுப்போன பாட்டை முடிக்கப்போன இடத்தில்தான் டானுக்குத் தன் சொந்தக் குரலும் கிடைத்தது. ஓர் ஆல்பம் அளவுக்கு அதைச் சகோதரரின் முறைக்குள் வைத்திருந்துவிட்டு, அடுத்ததில் வெளியே எடுத்தார். 2023இல் ஜாஷ் மிடில்டன் விலகினார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ‘ஹோலி ஹெல்’லிலிருந்து தொடங்கவேண்டாம் என்பேன். முதலில் ‘ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்’ ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், டாமின் கை எது என்று காதுக்குப் பழகட்டும். பிறகு ‘டூம்ஸ்டே’யைத் தனியாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு ‘ஹோலி ஹெல்’லை முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் போடுங்கள். வயலினோடு தொடங்கும் அந்த முதல் நிமிடத்திலேயே, எங்கே டாம் இருக்கிறார், எங்கே டான் தொடங்குகிறார் என்று பிரித்துக் கேட்க முடியும்.